கழுவிய தண்ணீர்

உப்சாலா,
11 ஜனவரி 1966

அன்புள்ள ரென்ஸ்கே,

போன கோடையில் ஆர்ஹுஸ் மாநாடு முடிந்ததும் நீ என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறினாய். அதற்குப் பிறகு நமக்குள் இதுதான் முதல் கடிதம். நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. வயதில் மூத்தவள் நான், ஆகவே நானே எழுதுகிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வேடு முடிந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் வழக்கப்படி, எல்லாரும் பார்க்கப் பல்கலைக்கழகப் பலகையில் அதை ஆணி அடித்து மாட்ட வேண்டும். மே மாதம் சபை நடுவில் நின்று காப்பாற்ற வேண்டும். முதல் எதிர்வாதி கோபன்ஹேகனிலிருந்து வருகிறார், இரண்டாமவர் எங்கள் ஊர்க்காரர். அவர்கள் இருவரும் என்னைக் குடைந்து முடித்த பிறகு மூன்றாம் எதிர்வாதி எழுந்து கிண்டல் செய்து சபையைச் சிரிக்க வைக்க வேண்டும். அதற்கு நீ வருவதாக, இங்கே என் பக்கத்து மேசையில் வேலை செய்த காலத்தில் வாக்குக் கொடுத்திருந்தாய். வாக்கு இன்னும் நிற்கிறதா என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன்.

ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்காம் அத்தியாயம் உன்னைப் பற்றியது. பாக்டீரியாவை உடைத்து நீ எடுக்கும் ரைபோசோம்கள் வைரஸின் செய்தியைப் படித்துப் புரதம் கட்டுவதாகச் சொல்கிறாய். நானும் அதே பாக்டீரியாவை உடைத்து அதே ரைபோசோம்களைத்தான் எடுக்கிறேன். உப்புநீரில் நான்கு முறை கழுவிச் சுத்தமாக வைத்தால், அதே செய்தியை அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே நீ அளப்பது ரைபோசோமின் வேலை அல்ல, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கின் வேலை. மாநாட்டில் எழுந்து சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

இந்த ஏட்டுக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் இங்கே எனக்கு டோசென்ட் என்ற பல்கலைக்கழக ஆசிரியர் பதவி. குறைந்தால் ஏதாவது ஓர் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமிலம், காரம் நடத்தப் போக வேண்டியதுதான். உனக்குத் தெரியாதது இல்லை.

குன்வோர்

---

குரோனிங்கன்,
19 ஜனவரி 1966

குன்வோர்,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பாய். நீதான் எதையும் கவனிப்பவள் ஆயிற்றே.

அழுக்கு என்று நீ சொன்னதற்காக நான் ரயிலேறவில்லை. நம் தொழிலில் அதைவிட மோசமாகச் சொல்வார்கள், மறுநாள் சேர்ந்து சாப்பிடுவார்கள். நீ பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு கிழம் பக்கத்து ஆளிடம் என்ன சொன்னது, நினைவிருக்கிறதா? "பொம்பளைங்க ரெண்டு பேரும் பாத்திரம் கழுவுறதுல சண்டைய ஆரம்பிச்சாச்சு. வாங்க, நாம போய்க் காபி குடிப்போம்." அரங்கமே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதனால்தான் ரயிலேறினேன்.

நான் ஒரு முறை மட்டும் கழுவுவது சோம்பேறித்தனத்தால் என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறாயாம். இங்கே சுழல் இயந்திரம் ஒன்றே ஒன்று. பாலை ஆராய்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், உருளைக்கிழங்கு மாவை ஆராய்கிறவர்கள் நிற்கிறார்கள், கடைசியில் நான். கழுவியதைச் சுழற்றி அடியில் படிய வைக்க எனக்கு ஒரு முறைதான் இடம் கிடைக்கும். உனக்கு உப்சாலாவில் இயந்திரம் வீட்டு மாடு மாதிரி, நினைத்தபோது கறக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். நீ அவ்வளவு கழுவிக் கழுவி வைத்திருக்கும் ரைபோசோம்கள் உயிரோடுதான் இருக்கின்றனவா? பிணத்தைக் குளிப்பாட்டி வைத்துக்கொண்டு, பார் எவ்வளவு சுத்தம் என்று சொல்வது போல இருக்கிறது எனக்கு.

வருகிறேன். உங்கள் ஊரில் மூன்றாம் எதிர்வாதி எதைச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதாமே. நாக்கைத் தீட்டி வைத்திருக்கிறேன்.

ரென்ஸ்கே

---

உப்சாலா,
3 பிப்ரவரி 1966

அன்புள்ள ரென்ஸ்கே,

சிரித்தது உண்மை. ஏன் சிரித்தேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ரைபோசோம் பற்றிக் கேட்டதற்கு இருக்கிறது.

அவை பிணம் அல்ல. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பக் கோத்து நாமே செய்யும் செயற்கைச் செய்தியைக் கொடுத்து, மக்னீசியத்தைத் தாராளமாக விட்டால், என் ரைபோசோம்கள் அதைப் பிடித்துக்கொண்டு படித்துத் தள்ளுகின்றன. உன்னுடையவற்றை விட வேகமாக. வைரஸின் உண்மையான செய்தியைக் கொடுத்தால் மட்டும் சும்மா கிடக்கின்றன. எனவே கோளாறு அவற்றில் இல்லை.

உன் ரைபோசோமில் கொஞ்சம் அனுப்பு. உலர்பனியில் வைத்து விமானத்தில் போட்டால் மறுநாள் வந்துவிடும். நான் கழுவிப் பார்க்கிறேன். கழுவியதும் வேலை நின்றுபோனால், அது அழுக்கின் வேலை என்று நீயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று காபி நேரத்தில் பேராசிரியர் பிராண்டேலியுஸ் கிரீம் வைத்த பன்னைக் கடித்துக்கொண்டே, "என்ன, உங்க டச்சுக்காரி இன்னும் கழுவக் கத்துக்கலையா?" என்றார். "அவங்க ஊர்ல தண்ணிக்குப் பஞ்சம் இல்ல சார், மிஷினுக்குத்தான் பஞ்சம்" என்றேன். மூக்கில் கிரீமோடு சிரித்தார். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

குன்வோர்

---

குரோனிங்கன்,
16 பிப்ரவரி 1966

குன்வோர்,

குப்பி இத்துடன் வருகிறது. பனிக்கட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடாதே.

நேற்று கால்வாய் உறைந்துவிட்டது. பேராசிரியர் சிக்கென்ஸ் உட்பட ஆய்வகமே விடுமுறை போட்டுவிட்டுச் சறுக்கப் போய்விட்டது. இயந்திரம் முழு நாளும் எனக்கே எனக்கு. நினைத்திருந்தால் உன்னைப் போல நான்கு முறை கழுவியிருக்கலாம். வேண்டுமென்றே ஒரு முறையோடு நிறுத்தினேன்.

குளிர் அறையில் தனியாக நின்று அலுமினா தூள் போட்டு பாக்டீரியாவை அரைத்தேன். ஒரு கட்டத்தில் உரலுக்குள் பொரி பொரிவது போலச் சத்தம் கேட்குமே, செல்கள் உடைகிற சத்தம், அதைக் கேட்டதும் உன் ஞாபகம் வந்தது. அந்தச் சத்தத்தை முதலில் என்னைக் காது கொடுத்துக் கேட்க வைத்தவள் நீதான். அதற்காக உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ரென்ஸ்கே

---

உப்சாலா,
9 மார்ச் 1966

ரென்ஸ்கே,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என்னால் சொல்ல முடியும்.

குப்பி வந்தது. உன் ரைபோசோம்களைக் கழுவாமல் வைரஸ் செய்தியோடு கலந்தேன். நீ சொன்னபடியே புரதம் செய்தன. பிறகு நான்கு முறை கழுவினேன். நின்றுபோயின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. பிராண்டேலியுஸின் அறைக்கு ஏறக்குறைய ஓடினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கோபன்ஹேகன்காரர் கேட்பார் என்று தோன்றியது: அழுக்கு என்றால் அதைத் தனியாகச் சோதித்தீர்களா? அதற்காக உன் ரைபோசோமைக் கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்தேன். என்னுடைய சுத்தமான ரைபோசோமில் உன் அழுக்கை ஊற்றினால் ஒன்றும் நடக்காது, அதையும் நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்து உன் வாயை அடைத்துவிடலாம் என்றுதான் செய்தேன்.

புதிதாக உருவாகும் புரதத்தைக் கதிரியக்கத்தால் அளக்கும் கருவியில் எண்கள் ஓட ஆரம்பித்தன. எப்போதும் மெதுவாக நகரும் கடைசி எண்ணைக் கண்ணால் தொடர முடியவில்லை. குழாய்களை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி செய்தேன். மறுபடியும் ஓடின. பிறகு என் சொந்த ரைபோசோமைக் கழுவிய தண்ணீரை அதன்மேலேயே திருப்பி ஊற்றினேன். உன்னுடைய அழுக்கு, என்னுடைய அழுக்கு என்று வித்தியாசமே இல்லை. ஓடின.

புரிகிறதா? இத்தனை வருடம் சும்மா கிடந்த என் ரைபோசோம்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. தொடங்கத் தெரியவில்லை. நாம் செய்யும் செயற்கைச் செய்திக்கு முதல் என்றும் முடிவு என்றும் கிடையாது. மக்னீசியத்தைக் கொட்டிக் கட்டாயப்படுத்தினால் எங்கே வேண்டுமானாலும் நுழைந்துவிடலாம். உண்மையான செய்தி அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே இன்ன இடத்தில்தான் தொடங்க வேண்டும். ஓர் எழுத்து தள்ளித் தொடங்கினாலும் கடைசிவரை உளறல். அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற ஏதோ ஒன்று அந்தத் தண்ணீரில் இருக்கிறது. ஊசி முனையில் ஆயிரம் உட்காரக்கூடிய ஒரு உயிருக்குள், மனிதர் என்று யாரும் இல்லாத காலத்திலிருந்தே, அது தப்பாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நான் அதைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

கருவியின் முன்னால் நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது, ரென்ஸ்கே. தேவாலயத்தில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை. வாயைத் திறந்தால் அது நின்றுவிடுமோ என்று பேசாமல் நின்றேன்.

ஏடு அச்சகத்தில் இருக்கிறது. நான்காம் அத்தியாயம் இதற்குள் அச்சாகிவிட்டது.

குன்வோர்

---

குரோனிங்கன்,
24 மார்ச் 1966

அன்புள்ள குன்வோர்,

உன் கடிதத்தை நடைபாதையில் நின்றுகொண்டே படித்தேன். பாதியில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். உருளைக்கிழங்குக்காரர் ஒருவர் பதறி, "வீட்ல ஏதாச்சும் துக்கமா?" என்று கேட்டார். "இல்ல, கழுவின தண்ணி வேலை செய்யுது" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றே என் தண்ணீரையும் எடுத்துப் பத்திரப்படுத்தினேன். செல்லுலோஸ் அடைத்த குழாய் வழியே மெல்ல இறக்கிப் பிரித்துப் பார்த்ததில், அதில் இருப்பது ஒன்று அல்ல, மூன்று. தனித்தனியாக விட்டால் வேலை ஒழுங்காக நடப்பதில்லை. சேர்த்தால் தொடங்குகிறது.

இனி சொல்வதெல்லாம் என் ஊகம், சிரிக்காதே. ரைபோசோமுக்குச் சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு பாதிகள். இரண்டும் கண்டதும் கட்டிக்கொள்ளத் துடிப்பவை. செய்தி வந்து சரியான இடத்தில் அமர்வதற்குள் ஒட்டிக்கொண்டால் காரியம் கெட்டது. மூன்றில் ஒன்று சின்னப் பாதியைப் பிடித்துக்கொண்டு, பெரியதைக் கிட்டே விடாமல் தள்ளியே வைக்கிறது. இன்னொன்று, புரதத்தின் முதல் கண்ணியை, தலையில் வேதித் தொப்பி மாட்டிய அமினோ அமிலத்தை, கேம்பிரிட்ஜ்காரர்கள் கண்டுபிடித்தார்களே அதை, கையைப் பிடித்து அழைத்துவந்து தொடக்க எழுத்துகளின் மேல் உட்கார வைக்கிறது. மூன்றாவது மிகச் சின்னது. அது என்ன செய்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்து வர வேண்டியவர் முந்திக்கொண்டு வந்து உட்காராதபடி, அடுத்த நாற்காலியை மறைத்துக்கொண்டு நிற்கிறதோ என்னவோ. எல்லாம் சரியாக அமைந்த பிறகுதான் பெரிய பாதி வந்து மூடுகிறது.

அப்புறம் மூன்றும் போய்விடுகின்றன, குன்வோர். வேலை ஓட ஆரம்பித்ததும் ஒன்றுகூட நிற்பதில்லை. இன்னொரு ரைபோசோமைத் தேடிப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கின்றன. நான் இதை எழுதும்போது என் குடலுக்குள் எத்தனை கோடி பாக்டீரியாக்களில் இது நடந்துகொண்டிருக்கிறது! மத்தியானம் கடுகு சூப் குடிக்கும்போது இது நினைவுக்கு வந்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது கசப்பானதைச் சொல்கிறேன். சிக்கென்ஸ் நேற்றுக் கூப்பிட்டு, "முந்திட்டாங்கம்மா. பாரிஸ்லயும் நியூயார்க்லயும் இதையே பிடிச்சிட்டாங்க, அச்சுக்குப் போயிட்டுதாம்" என்றார். பிறகு, "ரெண்டு வருஷமா உன் கையிலதான இருந்துது? அழுக்குன்னு ஒருத்தி சொன்னதும் நீயும் பாதி நம்பிட்ட" என்றார். நம்பித்தான் போனேன். நம்பாமல் இருந்திருந்தால் போன இலையுதிர் காலத்திலேயே நானே கண்டுபிடித்திருப்பேன். அதற்காக ஒரு நாள் பூராவும் அழுதேன்.

நான்காம் அத்தியாயத்தை நீ ஆணி அடிப்பதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். அப்படியே அடித்தாயானால் மே மாதம் நான் வந்து வேடிக்கை பேச மாட்டேன். அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ரென்ஸ்கே

---

உப்சாலா,
28 ஏப்ரல் 1966

அன்புள்ள ரென்ஸ்கே,

இன்று ஆணி அடித்தேன்.

பிராண்டேலியுஸ் சொன்னது இது: "அடிச்சிடு. நாலாவது அத்தியாயத்த யாரு படிக்கப் போறா? பட்டம் வாங்கிட்டு, பதவியில உக்காந்துட்டு, அடுத்த வருஷம் ஒரு கட்டுரைல திருத்திக்கோ. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க." அவர் கெட்டவர் அல்ல. என் நன்மைக்குத்தான் சொன்னார். எனக்கும் ஒரு வாரம் அது நியாயமாகவே பட்டது.

மறுபடி அச்சடிக்க நேரம் இல்லை. அச்சகத்தில் ஒரு தனித்தாள் மட்டும் அடித்துத் தரச் சொன்னேன். ஒவ்வொரு பிரதியிலும் முதல் பக்கத்துக்கு முன்னால் என் கையாலேயே வைத்தேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: 'நான்காம் அத்தியாயத்தின் முடிவு தவறு. ரைபோசோமைத் தொடங்க வைக்கும் காரணிகளை நான் கழுவி ஊற்றிவிட்டேன். குரோனிங்கனில் ரென்ஸ்கே பௌமா எடுத்த அளவுகள் சரியானவை.' வேறு காரணமோ சமாதானமோ எழுதவில்லை. இரண்டு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், நன்றாக இல்லை, அடித்துவிட்டேன்.

ஆணி அடிக்கும்போது பேராசிரியர் பக்கத்தில் நின்று கை குலுக்குவது வழக்கம். அவர் வரவில்லை. சுத்தியலைக் கட்டைவிரலில் ஒரு முறை போட்டுக்கொண்டேன். போகிறவர் வருகிறவர் ஏட்டைத் திறந்து அந்தத் தாளை மட்டும் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். இரண்டு நாளில் வசந்த விழா, ஊரெல்லாம் வெள்ளைத் தொப்பி மாணவர்கள்.

ஆர்ஹுஸில் ஏன் சிரித்தேன் என்று இப்போது தெரிகிறது. அவர்களோடு சிரித்தால் நான் பாத்திரம் கழுவுகிறவள் இல்லை என்று ஆகிவிடும் என நினைத்தேன்.

வா. எனக்குப் பயமாக இருக்கிறது.

குன்வோர்

---

குரோனிங்கன்,
7 ஜூன் 1966

அன்புள்ள குன்வோர்,

உன் தந்தி வந்தது. பட்டம் உண்டு, டோசென்ட் இல்லை. படித்ததும் நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. உருளைக்கிழங்குக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

மே மாதம் நீ எதிர்வாதியையே பார்த்து நின்றதால் சபையின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். கோபன்ஹேகன்காரர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, "அப்ப இந்த ஏட்டுல எதத்தான் நம்பறது?" என்று கேட்டபோது பிராண்டேலியுஸ் கண்ணை மூடிக்கொண்டார். நீ, "அளவுகள நம்புங்க. நான் சொன்ன முடிவ நம்பாதீங்க" என்றாய். உன் மேல் இருந்த கோபத்தில் மிச்சம் இருந்ததெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

என் முறை வந்தபோது, கொண்டுவந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். சிரித்தார்கள். "அம்மணி, கழுவின தண்ணிய எங்க ஊத்துனீங்க?" என்று கேட்டதும் இன்னும் சிரித்தார்கள். "தொட்டியில" என்று நீ சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கு மேல் கிண்டலாக ஒரு கட்டு எழுதி வைத்திருந்தேன். அதை மேசையிலேயே வைத்துவிட்டேன். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மூன்றும் வருவதை, தள்ளி வைப்பதை, உட்கார வைப்பதை, பெரிய பாதி மூடியதும் போய்விடுவதை, நம் குடலுக்குள் இப்போதும் இது நடந்துகொண்டிருப்பதை. ஏப்ரனோடு நின்றுதான் சொன்னேன். ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயம். சிக்கென்ஸ் புது இயந்திரம் வாங்குகிறார், எனக்கே எனக்கு. அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அறிய வேண்டும். ஆனால் என் ரைபோசோமில் அவை எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கின்றன. நான் ஒன்றைச் சேர்த்தால், வேலை செய்தது நான் சேர்த்ததா, ஏற்கெனவே இருந்ததா என்று தெரிவதில்லை. இத்தனை நாள் கையில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான். தொடங்கவே தெரியாத ரைபோசோம் இருந்தால்தான் தொடங்கி வைப்பது எது என்று பார்க்க முடியும். அப்படி ஒன்றை நான் உன் மேசையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உன் நான்கு வருட வீண் வேலை அது, குன்வோர். அது இல்லாவிட்டால் என் அழுக்கு அழுக்காகவே இருந்திருக்கும்.

சிக்கென்ஸிடம் இதைச் சொன்னேன். "அப்ப அந்த சுவீடன்காரி இங்க வருவாளான்னு கேளு. கோச்சுக்கிட்டுப் போற ஆளு இல்லையே?" என்றார். "கோச்சுக்கிட்டுப் போற ஆளு நான்தான் சார்" என்றேன்.

இரண்டு வருட வேலை. டோசென்ட் பதவியெல்லாம் கிடையாது. செப்டம்பரில் தொடங்கலாம். வருவாயா என்று மட்டும் எழுது.

ரென்ஸ்கே

---

உப்சாலா,
13 ஜூன் 1966

அன்புள்ள ரென்ஸ்கே,

ஃபாலுன் பள்ளிக்கூடத்திலிருந்து வேலைக்கு வரச் சொல்லித் தாள் வந்திருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவைத்திருந்தேன். அதே பேனாவில் உனக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் முதல் வாரம் வருகிறேன். ஒரு நிபந்தனை. நான் நான்கு முறைதான் கழுவுவேன். இயந்திரத்துக்கு யார் வரிசையில் நின்றாலும் சரி, குறைக்க மாட்டேன், நீயும் வாயைத் திறக்கக் கூடாது.

தண்ணீர் முழுவதும் உனக்கு.

குன்வோர்